தாளத்துக்கு அடியில்

ஆட்டப்பாட்டுக்கு இசை போடுகிற அவனை எல்லாரும் ‘டமாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கட்டும் தாளத்தில் கல்லுக்கும் கால் முளைக்கும். இந்த முறை அவனுக்கு உருக்கமும் வேண்டியிருந்தது. அதற்காகவே பிரார்த்தனைக் கூடத்தில் பாடும் அக்காவையும் தங்கையையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான்.

தெருச் சத்தம் உள்ளே வருகிறதென்று, அன்று காலையில்தான் பாடும் அறைச் சுவரெல்லாம் பசை தடவிப் பஞ்சு ஒட்டியிருந்தான். கதவிடுக்கைக்கூட விடவில்லை.

தங்கை தன் பங்கைப் பாடிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். “பசை நாத்தம் மண்டையப் பிளக்குது.”

“ரெண்டு நாள்ல போயிடும்மா” என்றான்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்; சத்தம் கசியாமலிருக்க அவன் கதவை வெளியே தாழிட்டான். யாராவது பார்த்தால் அவளுக்குப் பாட வராது. விளக்கை அணைக்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் ஒரே இருட்டு.

டமாரம் ஒரு பொத்தானைத் தட்டினான். “இது சின்னச் சத்தத்தையெல்லாம் விழுங்கிடும். மூச்சு, முனகல் எதுவும் நம்ம காதுக்கு வராது.”

“எங்க மாமா குறட்டைக்கு இத மாட்டிவிடுங்க. அக்கா நிம்மதியா தூங்குவா.”

அக்கா பாடினாள். பாடப்பாடக் குரல் கரகரத்தது. அதுதான் அவனுக்குப் பிடித்தது. “அடடா, அழற மாதிரியே இருக்கு! இன்னொரு தடவைக்கா!”

பிறகு தாளம் மட்டும் ஓடும் நீண்ட இடைவெளி. பாடகிக்கு அங்கே வேலையில்லை. ஒலிபெருக்கியில் அவள் பக்கம் துளிச் சத்தம் இல்லை. திரையில் அவள் குரலின் கோடு மட்டும் புழுப்போல நெளிந்தது.

“சூப்பர்க்கா, அப்படியே நில்லுங்க” என்று மைக்கில் சொன்னான். கோடு மெல்லப் படுத்தது.

அவன் தண்ணீர் குடிக்க எழுந்தான். குடிக்கப் போனவனுக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், அவங்களும் எவ்வளவு நேரமா நிக்கிறாங்க” என்று அக்காவுக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டான்.

“இப்பக் கதவத் தொறந்தா பாடினது வீணாயிடாதா?”

“போனாப் போகுது. மறுபடி எடுத்துக்கலாம்.”

தாழை நீக்கியும் கதவு நகரவில்லை. ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. தோளால் முட்டித் தள்ளினான். பசை நெடி முகத்தில் அறைந்தது. கதவடியில் அக்கா சுருண்டு கிடந்தாள்.

இருவருமாக இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டார்கள். “ஏய் அக்கா! கண்ணத் தொறடி!” என்று தங்கை கன்னத்தில் அடித்தாள். வெகுநேரம் கழித்தே, துருப்பிடித்த ரம்பம்போல ஒரு மூச்சு வந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் அவளுக்கு ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா…” என்று ஆரம்பித்து, தங்கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா பிழைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் டமாரம் ஒலிப்பதிவு அறைக்குத் திரும்பி வந்தான். தண்ணீர் கொண்டுபோகத் தோன்ற வைத்த கடவுளை நினைத்துக் கைகூப்பினான். பிறகு அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, அந்த இடைவெளியை ஓடவிட்டான்.

தாளத்துக்கு அடியில் நகம் கதவைப் பிராண்டியது. “தம்பி… மூச்சு முட்டுது… கதவத் தொறப்பா…”

உடனே, அவள் தலையிலிருந்து கழன்று விழுந்த ஹெட்போனுக்குள்ளிருந்து அவனுடைய குரலே, சின்னதாக, சந்தோஷமாக: “சூப்பர்க்கா, அப்படியே நில்லுங்க.”