முதல் பக்கத்து முட்டை

1.

ஒரு வேலையைத் தட்டிக்கழிக்கப் பிறந்த கதை இது. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், டிரவுட் மீனின் வாழ்க்கையை மேக்ரோ லென்ஸில் படமெடுத்திருக்கிறார். முட்டை, வயிற்றில் மஞ்சள்கருப் பையைக் கட்டிக்கொண்டு திரியும் குஞ்சு, செவுள், செதில் எனப் பதினொரு படங்கள். 'ஒரே மீன், ஒரே வாழ்க்கை' என்ற பெயரில் புத்தகமாக வரப்போகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து எழுதிவிட்டேன். முதல் படத்துக்கு மட்டும் கை ஓடவில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தண்ணீருக்குள் ஓர் ஆரஞ்சு நிறச் சூரியன்...'

(அடித்துவிட்டேன். பட்டாணி அளவு முட்டையைச் சூரியன் என்று சொல்ல நான் என்ன கவியரங்கத்திலா இருக்கிறேன்?)

நேராகவே சொல்கிறேன். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் ஒரு சட்டம் உண்டு: முதல் நாள் கழிந்துவிட்டால், முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரியும்வரை அதை அசைக்கக் கூடாது. அசைத்தால் செத்து வெளுத்துவிடும். மாமா முதல் நாளே இரண்டு முட்டைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, பிறகு ஒன்றை முதல் படம் எடுத்தார். அருமையான படம். அதோடு விட்டிருக்கலாம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் விழட்டுமே என்று கிண்ணத்தை நகர்த்தினார். அது விளக்குக் கம்பியில் இடித்தது. மறுநாள் முட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

இரண்டாம் படத்திலிருந்து கடைசிவரை இருப்பது பக்கத்துக் கிண்ணத்து மீன்.

3.

"மொதப் படத்தத் தூக்கிடுங்க மாமா."

"அதான் மாப்ள அட்டைப்படமே."

"அப்ப உண்மையச் சொல்லிடுங்க."

"ஒரே மீனுன்னுதானே புத்தகமே போடுறாங்க? உன்னத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

அக்காவுக்கும் தெரியாது. அவர் கிளம்பியதும் அவள் வந்து சொன்னாள்: "எறும்பப் படம் புடிச்சாரு, பாதியில நின்னுச்சு. சிலந்தியும் பாதியில நின்னுச்சு. இது ஒண்ணுதான் முடிச்சிருக்காரு. நல்லா எழுதுடா."

4.

இங்கே ஒரு மனசாட்சி தேவைப்பட்டது. (கதைகளில் அந்த வேலைக்கு எப்போதும் வெளியாளைத்தான் வைப்போம்.) பண்ணையில் வெளுத்த முட்டைகளை இடுக்கியால் பொறுக்கிப்போடும் ஓர் அம்மாவை மாமாவிடம் இப்படிப் பேசவைத்தேன்:

"சார், வெள்ளையானத நான்தானே எடுத்துப் போட்டேன். புத்தகம் வந்தா காட்டுங்க. மொதப் பக்கம் மட்டும் பாத்துட்டுத் தந்துடறேன்."

என் வசனத்துக்கு நானே கண் கலங்கினேன். மாமாவிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அவங்க அப்படிச் சொல்லவே இல்ல மாப்ள. 'படம் நல்லா வந்துச்சா சார்'னு கேட்டாங்க. ஆமான்னேன். சந்தோஷமாப் போனாங்க."

ஆக, அவர் ஒரு மீனை மாற்றிவைத்தார். நான் ஓர் அம்மாவை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வசனத்தை அடிக்கவும் மனம் வரவில்லை.

5.

முடிவு ஒன்று: 'இங்கே தொடங்குகிறது' என்று எழுதுகிறேன். எது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முடிவு இரண்டு: 'இந்த முட்டை பொரிக்கவில்லை.' புத்தகம் நின்றுபோகும். அக்கா என்னோடு பேசமாட்டாள்.

முடிவு மூன்று: மாமாவே பதிப்பாளரைக் கூப்பிட்டு...

(மாமாவை எனக்குத் தெரியும்.)

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். படம் மேசைமேல் இருக்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே கண் தெரியவில்லை. அதற்கு இன்னும் நாள் இருந்தது. கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பென்சிலைப் பிடியுங்கள், நீங்களே எழுதுங்கள்.

மேசையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.