ஓடை இல்லாத படம்

புரொபசர் நவநீதகிருஷ்ணனுக்குச் சிவப்பு ஆகாது. அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் அந்த இன்ஜினியரிங் காலேஜில் அவர் அறைக்கு 'நதிநீர் உயர்கணிப்பு மையம்' என்று பெயர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை. இவற்றில் பழுதில்லாமல் வேலை செய்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.

மையத்தின் ஒரே ஆராய்ச்சியாளர் சங்கரி. குண்டாற்றில் வெள்ளம் வந்தால் திருச்சுழிப் பக்கம் எங்கெங்கே தண்ணீர் ஏறும் என்று படம் போடுவது அவள் வேலை. ஆற்றையும் கரையையும் கம்ப்யூட்டர் பொடிப்பொடி முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீரைக் கணக்குப் போடும். அந்த முக்கோண வலைக்கு மெஷ் என்று பெயர். முக்கோணம் லட்சணமாக அமைந்தால் பச்சை. ஊசியாக இழுபட்டால் சிவப்பு. குண்டாறு அகலமான மணல், முழுக்கப் பச்சை. திருச்சுழியில் அவள் தோழி பாண்டீஸ்வரி வீட்டுக்குப் பின்னால் போகும் ஒடுங்கலான ஓடையில் மட்டும் ஒரே சிவப்பு. அங்கே கணக்குக்குக் கிறுக்குப் பிடித்து, தண்ணீரைப் பனை உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியது.

பாண்டீஸ்வரி அதே காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட். சங்கரியோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக வந்தவள்.

ஓடைக்குள் மெஷை இன்னும் பொடிசாக்கினால் சரியாகும், ஆனால் கணக்கு ஓடி முடிய நாலைந்து நாள் ஆகும் என்றாள் சங்கரி. மறுநாள் அந்தப் படத்தைத் திரையில் காட்டும் விழா. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள்.

"ஓடைய மூடிரும்மா" என்றார் புரொபசர்.

"நெசத்துல அது வழியா தண்ணி போகுமே சார்."

"நெசத்துல குண்டாத்துல என்னைக்கும்மா தண்ணி வந்துச்சு?"

மூடினாள். ஒரே ஒரு கிளிக், சுண்டுவிரல்கூட வலிக்கவில்லை. சங்கரி வீட்டில் தறித் தொழில். இழை அறுந்த இடத்தை மடிப்புக்குள் வைத்து விற்கிறவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் அப்பா முதலில் காறித் துப்புவார். அந்த எச்சில் இன்று தன் முகத்திலேயே விழுந்ததாக அவளுக்குப் பட்டது.

விழாவில் திரையில் குண்டாறு இரு கரை தொட்டுப் போயிற்று. ஆற்றில் தண்ணீரையே பார்த்தறியாத அதிகாரிகள் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். பாண்டீஸ்வரி தெருவில் ஒரு சொட்டு ஏறவில்லை. புரொபசருக்குப் பொன்னாடை விழுந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸில் பாண்டீஸ்வரி சொன்னாள்: "எங்க ஓடையில மண்ணு லோடு அடிக்கிறாகடி. பிளாட்டு போடப் போறாகளாம். கேட்டா, காலேஜ் படத்துலயே இங்க ஓடை கெடையாதுன்னு காட்டுறாக."

சங்கரி நேரே புரொபசரிடம் போனாள். அவர் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, தரையே நம்ம படத்துக்கு ஒத்து வந்துருச்சு. இதாம்மா வேலிடேஷன், நம்ம கணக்கு சரிங்குறதுக்கு அத்தாட்சி. ஆராய்ச்சிக் கட்டுரையில ஒரு பாரா சேத்துரு."

சொல்லிவிட்டு, விரல் எண்ணெயை நாற்காலியில் தொங்கிய பொன்னாடையில் துடைத்துக்கொண்டார்.

சங்கரி கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, படத்தில் ஓடையைத் திரும்பத் தோண்டினாள். மெஷைப் பொடிசாக்கிக் கணக்கை ஓடவிட்டாள். ஐந்தாம் நாள் அது முடிந்தபோது படத்தில் பாண்டீஸ்வரி தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. முதல் படம் போன ஆபீசுகளுக்கெல்லாம் இதையும் அனுப்பினாள். முந்தினது தப்பு, அதில் ஓடையை மூடியது நான் என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள். மையத்தின் கதவு இனித் தனக்குத் திறக்காது என்று தெரிந்துதான் வெளியே வந்தாள்.

திருச்சுழியில் இறங்கி ஓடைக்கரைக்குப் போனாள். பாதி ஓடை ஏற்கெனவே மேடாகிவிட்டிருந்தது. அங்கே நின்ற பாண்டீஸ்வரி சங்கரியின் செல்போனை வாங்கி, அவள் எழுதி அனுப்பியதை வாசித்தாள். புதுப் படத்தில் தன் வீட்டின் மேல் நின்ற நீலத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப, மொதல்ல மூடுனது ஜேசிபி இல்ல. நீதான்."

"ஆமாடி."

"ஒனக்குச் சோறு போட்ட வீடுடி எங்க வீடு."

பாண்டீஸ்வரி செல்போனைச் சங்கரி கையில் திணித்தாள்.

"ஜேசிபிக்காரன் டீக்குப் போயிருக்கான். வர்றதுக்குள்ள தெருச் சனத்தக் கூட்டிட்டு வாரேன், வழிய மறிப்போம். மூடுனது யாருன்னு அவுககிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சங்கரி மண்மேட்டில் ஏறி நின்றாள். தெருவிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.