வியாழக்கிழமைத் திருடர்கள்

எங்கள் ஊரில் வியாழக்கிழமைதான் திருட்டு. வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தோம். பட்டியல் தபால் நிலையத்தில், தபால்தலைப் பெட்டிக்கு அடியில், என் பொறுப்பில் இருந்தது.

ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர் இங்கே குடிவந்து மூன்றே வாரத்தில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். முப்பது வருடம் கொலை, கொள்ளை பார்த்தவருக்கு, கோழிகூடக் காணாமல் போகாத ஊர் பிடிக்கவில்லை. அவர் மனைவிக்கோ நகரத்துப் புகை ஆகாது. இங்கே வந்த பிறகுதான் அந்த அக்கா இருமாமல் தூங்கினாள். ஒருநாள் தபால் நிலையத்தில் என் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"ஏதாவது திருடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திருடினோம். பேக்கரிக்காரர் தச்சரின் உளியை எடுத்தார். பட்டறைக் கதவெல்லாம் மாவுக் கை. "கைரேகைன்னா இது கைரேகை" என்று துப்பறிவாளர் பூரித்துப்போனார். அடுத்து தச்சர் பள்ளிக்கூடத்து மணியைத் தூக்கினார்; வழியெல்லாம் அது அடித்துக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திருட்டுகள்தான். ஆனாலும் துப்பறிவாளர் கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

பத்தாவது வியாழன் தையல்காரர் முறை. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தபால் நிலையத்து வாசல் கடிகாரத்தில் பெரிய முள்ளைக் காணோம். "மணி என்ன?" என்றால், "பத்து இருக்கும், இல்ல பதினொண்ணு" என்றார்கள்.

துப்பறிவாளர் அன்றைக்கே எல்லோரையும் தபால் நிலையத்துக்குள் உட்காரவைத்தார்.

"நான்தான் சார்" என்று தச்சர் எழுந்தார், காய்ச்சலோடு தையல்காரர்தான் எடுத்திருப்பார் என்று நினைத்து, அவரைக் காப்பாற்ற.

"அவன் புளுகுறான். நான்தான்" என்றார் பேக்கரிக்காரர், அதே எண்ணத்தில்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் போர்வையோடு வந்து சேர்ந்தார். "என் முறையில யாருய்யா கை வச்சது? நான்தானே திருடணும்?"

அக்கா என் கையைப் பிடித்தாள். குட்டு உடைந்தது, இனி நகரம்தான் என்று எனக்கும் புரிந்தது.

"உக்காருங்க" என்றார் துப்பறிவாளர். "பட்டியலை நான் நாலாவது வாரமே பாத்துட்டேன். இந்தத் தபாலாபீஸ் அம்மா சில்லறை எடுக்க உள்ள போனப்போ."

"அப்போ திரும்ப நகரத்துக்கே கிளம்பணுமா?" என்றாள் அக்கா.

அவர் தபால்தலைப் பெட்டியைத் தூக்கிப் பட்டியலை உருவினார். "நாப்பத்தோரு வீடு எழுதியிருக்கு. ஆள் இல்லாத மில்லுக்காரர் வீடுகூட இருக்கு. எங்க வீடு மட்டும் இல்ல." காகிதத்தை என் முன்னால் நீட்டினார். "நாங்க என்ன, விருந்தாளியா? இந்த ஊர்லதானே இருக்கப்போறோம்?"

நான் பென்சிலைத் தேடினேன்.

"முள்ளு எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில இருக்கு" என்றாள் அக்கா. "காலையில பெருக்கும்போதே கால்ல குத்துச்சு."

"காலையிலேயேவா?" துப்பறிவாளர் முகம் வாடியது. "அரை நாள்கூடத் தாங்கலையா?"

அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்துபோய், விசாரணைக்குப் போட்டிருந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குற்றவாளி அங்க நிக்கட்டும்" என்றாள். "முதல்ல, அவ்வளவு உசரத்துக்கு எந்த ஏணியில ஏறினீங்கன்னு சொல்லுங்க. டாக்டர் ஏறக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"