கடைசி வரிசைச் சமாதானம்

பரிபூரணத்துக்குக் கோவிலில் கடைசி வரிசைதான் பிடிக்கும் என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய். அவளுக்குப் பிடித்தது முன்வரிசை, அதுவும் மின்விசிறிக்கு நேர் கீழே. ராஜபாளையத்து அந்தச் சின்ன வேதக்கோவிலில் வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைக் கனைப்பாள். அப்பேர்ப்பட்டவள் பின்சுவர் ஓரமாய், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் என்றால் அதற்குக் காரணம் தங்கை தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே கோவிலுக்குக் கூரை மாற்றும் வேலை நடந்ததால், தொண்ணூற்றொன்றாம் வருஷம் திருவிருந்து ஞாயிறுகளில் அந்தச் சபையார் அத்தனை பேரும் வேன் பிடித்து ராஜபாளையம் வந்தார்கள். விருந்தாளிகள் அல்லவா, முன்னால் உட்கார வைத்தார்கள். பரிபூரணம் பின்னால் போய்விட்டாள்.

அக்காள் தங்கைக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம். தங்கபுஷ்பம் வீட்டில் இருந்த அம்மா இறந்தபோது பரிபூரணம் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். தந்தி கிடைத்ததும் பிள்ளை பெற்றவளை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். மதுரையில் இறங்கி, தங்கையின் பக்கத்து வீட்டுப் போனுக்கு, "வந்துக்கிட்டே இருக்கேன், பொட்டிய மூடிராதீக" என்று கத்திச் சொன்னாள். கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. இதைவிட என்ன கொடுமை வேண்டும்? செத்த நேரம் பொறுத்திருக்கலாம், தங்கபுஷ்பம்தான் மூடச் சொன்னாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். "உசுரோட கெடக்கையில எட்டிப் பாக்காதவளுக்கு இப்ப மொகம் வேண்டிக் கெடக்கா" என்றும் சொன்னாளாம். அதையும் ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள், புண்ணியவான்கள். பரிபூரணம் அந்த இடத்திலேயே தங்கையின் கொண்டையைப் பிடித்திருப்பாள். புருஷன் தவசிமுத்துதான் இழுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்ற வரி வந்தால் வாயை இறுக்க மூடிக்கொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாதாம். மனசு சரியில்லை என்று திருவிருந்துக்கும் முழங்கால் போடுவதில்லை. எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பி வருகிறதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

"எம்புட்டு நாளைக்குத்தான் இந்தக் கோவத்தச் சொமப்ப?" என்று தவசிமுத்து கேட்பார்.

"எங்கம்மா மொகத்தக் கொண்டாந்து காட்டுங்க. அந்த நிமிசமே எறக்கி வச்சிர்றேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார், பாவம்!

திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம். போதகர் முன்வரிசையில் முதல் ஆளின் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்து, "சமாதானம்" என்பார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இப்படிக் கைக்குக் கை மாறிப் பின்சுவர் மூலையில் வந்து முடியும். அதாவது பரிபூரணத்திடம் வந்து முடியும். வாங்கினால் போதும், யாருக்கும் கொடுக்க வேண்டாம், தங்கை கையும் படாது. எப்படி என் சாமர்த்தியம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுப் போதகர் வந்திருந்தார். தங்கபுஷ்பத்தை வேனில் காணோம். பரிபூரணத்துக்கு ஏக நிம்மதி. முதல் பாட்டு முடியும்போது வாசலில் ஆள் அரவம். தங்கபுஷ்பம் மூச்சு வாங்க நின்றாள். பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிற வேலை அவளுக்கு. சட்டியைப் பாதியில் விட முடியாமல் வேனைத் தவறவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். மணியடித்து ஆட்களை உட்கார வைக்கும் கோவில்பிள்ளை சமுத்திரம் கண்ணால் இடம் தேடினார். பெண்கள் பக்கம் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பரிபூரணத்தின் பக்கத்து இடம். வேறு எங்கே போவாள்? சேலை படாமல் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

'இருக்கட்டும். கைய நீட்டினா நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருவேன்' என்று பரிபூரணம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. புதுப் போதகர் பீடத்தைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் கை நீட்டியவர்களைத் தாண்டிப் போனார்.

"எப்பவும் முன்னாலேயிருந்துதான தொடங்குறீங்க? இன்னைக்குக் கடைசியிலேருந்து போகட்டும்" என்றபடி நேரே பின்சுவருக்கு வந்து, பரிபூரணத்தின் கைகளைத் தம் கைகளுக்குள் எடுத்து, "சமாதானம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

போச்சு! கடைசி ஆள் முதல் ஆளாகிவிட்டாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அவள் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் போகும்.

தங்கபுஷ்பம் கையை நீட்டவில்லை. மடியைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"என்னைத் தாண்டிக் குடுத்துரு, அக்கா. நான் அதுக்கு லாயக்கில்ல. நாந்தான் மூடச் சொன்னேன். அம்மா படுக்கையில கெடந்த அம்புட்டு நாளும் நான் ஒத்தையில அள்ளிக் கொட்டுனேன். நீ ஆரஞ்சுப் பழத்தோட வந்து எட்டிப் பாத்துட்டுப் போனியா, அந்த ஆத்திரம். நீ வந்துக்கிட்டிருக்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் பரிபூரணம் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். இது வந்தால் என்னென்ன பேச வேண்டும் என்று பாத்திரம் விளக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போதோ ஆரஞ்சுப் பழம்தான் நெஞ்சில் போய்க் குத்தியது. உண்மைதானே, பழத்தை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடியவள்தானே அவள்.

போதகர் தன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீ லாயக்கா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதாக இருந்தால் தன் கைக்கே வந்திருக்காதே, ஆண்டவரே!

தங்கையின் மடியிலிருந்த கைகளை வெடுக்கென்று இழுத்தாள். பால் கிண்டும் துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். சுண்டுவிரல் மட்டும் அம்மாவுக்கு இருந்தது போலவே வளைந்திருந்தது.

"நீ செஞ்சது தப்புதாண்டி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா விட்டுட்டேன். இந்தா, பிடி. சமாதானம்."

தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கியதை அடுத்தவளுக்குக் கொடுத்தாள். பிறகு அது வரிசை வரிசையாக முன்னால் போனது. ஜெபத்தில் அந்த வரி வந்தபோது பரிபூரணம் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காளும் தங்கையும் ஒன்றாகப் போய் முழங்கால் போட்டார்கள்.

ஆராதனை முடிந்து வேன் புறப்படத் தயாராக நின்றது. பரிபூரணம் தங்கையின் முந்தானையை விடவில்லை.

"ஏட்டி, அம்மா மொகம் எப்படி இருந்துச்சு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே விளங்கியது. அம்மாவின் கடைசி முகத்தை வைத்திருந்தவள் இவள்தான். இவளிடம் போய் மூன்று வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாளே!

"பல்செட்ட மாட்ட முடியலக்கா. கன்னம் ரெண்டும் ஒட்டி, பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சு."

"பல்லில்லாம வாசப்பக்கமே வர மாட்டாளே" என்று பரிபூரணம் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"அது போனாப் போகுது. பஸ்ஸுல போய்க்கலாம்" என்று பரிபூரணம் அவளைக் கோவில் படியில் உட்கார வைத்தாள். "தல சீவி விட்டது யாரு? என்ன சேல கட்டுனீக? ஒண்ணு விடாமச் சொல்லு."