பூச்சிப்பொறிக்கு விட்ட தண்ணீர்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மனைவி யசிந்தா குசினிக் கதவடியில், மடியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலை வைத்து உரஞ்சிக்கொண்டு. அவளுடைய தங்கை ஷெரோன் யன்னலடியில். செடி விற்ற வாகீசன் பிளாஸ்ரிக் கதிரையின் நுனியில். நான் எழுதுமேசையில். நடுவில், நீட்டு மர வாங்கிலில், மூன்று செடிச்சட்டிகள்.

இந்தக் கதை ஒரு முறைப்பாட்டுக் கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதம் நான்காவது வரியில் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

2

கடிதத்தின் முதல் தொடக்கம்: "பூச்சி தின்னும் செடிகள் என்று மேற்படி வாகீசன் எனக்கு விற்றவை உண்மையில்—"

இல்லை. அவை உண்மையில் பூச்சி தின்னும் செடிகள்தான். அச்சுவேலிச் செடிச் சந்தையில் வாங்கிவந்த அன்றே முறையாகச் சோதித்தேன். ஒன்றின் வாய்க்குள் இருந்த மயிரை ஈர்க்கால் இரண்டு தரம் தொட்டேன், மூடிக்கொண்டது. பூச்சிப்பொறி. அடுத்ததன் இலைகளில் பசைத்துளிகள், அதில் ஒரு கொசு. பனித்துளிச் செடி. மூன்றாவதில் இலை நுனியில் குடுவை தொங்கியது. ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வாங்கிய மூன்றாம் கிழமையில் பூச்சிப்பொறி கறுக்கத் தொடங்கியது.

3

முதலில் ஷெரோனைச் சந்தேகித்தேன். (இந்தப் பந்தியை அவள் வாசித்தால் வெட்டிவிடுவேன்.) எங்கள் குருநகரில் மீன் கழுவின தண்ணி வீணாகப் போவதில்லை, எங்கள் வீட்டில் ஷெரோன் அதை ரோசாவுக்கு விடுவாள். சட்டியில் விரலை விட்டு, மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன்.

"அத்தான், என்ரை கையையும் மணந்து பாருங்கோவன்," என்றாள்.

மண்ணில் மீன் மணம் இல்லை. ஆகவே சந்தேகம் வாகீசனிடம் போனது. சந்தைக் குழுச் செயலாளர் ஞானாம்பிகைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வாகீசனிலை ஏற்கெனவே ஒரு முறைப்பாடு கிடக்கு. நீங்களும் எழுத்தில தந்தால் அவரின்ரை சந்தை மேசையை எடுத்துவிடுவம்," என்றார். வாகீசனையும் கூப்பிட்டேன். வந்தான்.

4

"அண்ணை, மண்ணில வெள்ளையாப் பூத்திருக்கு. சுண்ணாம்பு. கிணத்துத் தண்ணியே விட்டனீங்கள்?"

"மழைத் தண்ணிதான். நீர் சொன்னபடி."

"மழை எப்ப அத்தான் பெஞ்சது?" என்றாள் ஷெரோன்.

யசிந்தா கேத்தில் உரஞ்சும் சத்தம் நின்றது.

வாகீசன் எழும்பினான். "எழுதிறதெண்டால் எழுதுங்கோ அண்ணை. எனக்கு வேற தொழில் இல்லை, உந்த மேசை மட்டும்தான்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

5

[இந்த இடத்தில் ஒரு பந்தியை இரண்டு தரம் எழுதி வெட்டினேன். அது இது:]

மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று வாகீசன் சொல்லியிருந்தான். அதனால் நாள்தோறும் காலையில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அளந்து விட்டேன். கைக்குழந்தைக்கே கொடுக்கிற தண்ணீர், செடிக்கு என்ன செய்யப்போகிறது?

வாகீசன் போனபின் யசிந்தா கேத்திலை என் கடிதத்தின்மேல் வைத்தாள். உள்ளே அடியில் வெள்ளைப் பொருக்கு.

"கொதிச்சுக் கொதிச்சு இது இஞ்சை இவ்வளவு கட்டியிருக்கு. மிச்சம் எங்கை போனதெண்டு நினைக்கிறீங்கள்? உவன் பாவம்."

கடிதங்களில் தவறே விடாதவன் என்று பெயர் எடுத்த என்னைப்போன்ற ஒருவனுக்கு— (இந்த வசனத்தை முடிக்க விருப்பமில்லை.)

6

முடிவு ஒன்று: கடிதம் முதலில் நினைத்தபடியே போகிறது. அடுத்த மாதம் அந்த மேசையில் ஆரோ ஊறுகாய் விற்கிறார்கள்.

முடிவு இரண்டு: "தொலைபேசியில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். செடி பட்டுப்போனது நான் விட்ட தண்ணீரால்." ஞானாம்பிகை அதைச் சந்தை முழுக்கச் சொல்லுவார்.

ஏதோ ஒன்று அனுப்பியே ஆகவேண்டும், அவர் காத்திருக்கிறார். இரண்டையும் நல்ல தாளில் எழுதினேன். ஒன்றை உறைக்குள் போட்டேன்.

யசிந்தா பசையோடு வந்தாள். "தண்ணிக் கதையை எழுதினீங்களோ?"

"ஓம்."

"சரி."

"வாசிச்சுப் பார்க்கேல்லையோ?"

"நீங்கள் எழுதினனெண்டு சொல்லுறீங்கள்தானே."

உறையை ஒட்டி, பெருவிரலால் அழுத்தி, ஷெரோனிடம் கொடுத்தாள். நான் சொன்னது பொய்யில்லை, எழுதினேன். எதை உள்ளே போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். இவ்வளவும் வாசித்தபின் என்னைப்பற்றி உங்களுக்கு ஒரு முடிவு இருக்கும். அதையே கதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷெரோன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறாள்.