பலகைத் தரை

தனேஷ் டிரம்மின் மிதியை ஒரு முறை அழுத்தினான். ஸ்பீக்கரிலிருந்து விசில் பறந்தது.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அரைக் கணம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பெட்டிக்குள் படுத்திருந்த அப்பா பக்கிரிசாமி மட்டும் கண்டுகொள்ளவில்லை. உயிரோடு இருந்திருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

"டேய், சாவு வீடுடா இது," என்றார் சபாபதி மாமா. அம்மாவின் அண்ணன். காலையிலிருந்து இந்தச் சாவுக்கு அவர்தான் மேனேஜர்.

"செட் பண்றேன் மாமா."

"என்னத்த செட் பண்ற? தட்டுனா சத்தம் வரணும். அவ்ளோதானே லா?"

அவ்வளவுதான் இல்லை. மின்னணு டிரம்மின் தட்டுகளுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. தட்டினால் ஒவ்வொன்றும் ஓர் எண்ணை அனுப்பும். எந்த எண்ணுக்கு எந்தச் சத்தம் என்று லேப்டாப்பில் இருக்கும் டிரம் மேப் தீர்மானிக்கும். தனேஷ் தன் வசதிக்காக எண்களையெல்லாம் எப்போதோ மாற்றி வைத்திருந்தான். கல்லூரி நண்பன் பர்வேஸ் அனுப்பிய உறுமிச் சத்தங்களோ, கம்பெனி கொடுத்த பழைய எண்களை எதிர்பார்த்தன. அதனால் மிதித்தால் விசில். நடுத் தட்டைத் தட்டினால் சலங்கை. ஓரத் தட்டில் நாலு பேர் "ஹோய்" என்று கத்தினார்கள். அதை அவன் ஹெட்போனில் கேட்டுத் தெரிந்துகொண்டது புண்ணியம்.

நிஜமான உறுமி மேளக் குழு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்பி, சுபாங் ஜெயா பக்கம் லோரி கவிழ்ந்த ஜாமில் மாட்டிக்கொண்டிருந்தது. மின்சுடலையில் கொடுத்த நேரம் தவறினால் அடுத்தது நாளைக்குத்தான். கீழே வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது.

"போர்ட் கிள்ளான் பூரா தெரிஞ்ச லோரிக்காரரு. மேளம் இல்லாம திருடன் மாதிரியா எடுக்கிறது?" என்று மாமா கேட்டபோது, "நான் அடிக்கிறேன்" என்று சொன்னது தனேஷ்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கொள்ளி வைப்பது அண்ணன் பாலன். தனேஷுக்கு அதுவரை கிடைத்த வேலை நாற்காலி அடுக்குவது.

அவன் டிரம்மின் மூளையான மாட்யூலின் திரையில் ஒவ்வோர் எண்ணாகத் தேடினான். அவசரத்தில் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. மிதி எவ்வளவு அதிர்ந்தால் சத்தம் போட வேண்டும் என்கிற அளவு. அதை அவன் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தான்.

கிள்ளானின் பழைய கடைவீட்டு மாடி அது. தரை முழுக்க மரப்பலகை. கனமான ஆள் பக்கத்தில் நடந்தால் மிதி தானாக அதிர்ந்து 'தம்' என்னும். பக்கிரிசாமி கனமான ஆள்.

"நான் நடந்தா அது ஏன்டா அடிக்குது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பலகை ஆடுதுப்பா. யாரோ மிதிச்சிட்டாங்கன்னு அது நெனச்சிக்கிது."

"அப்ப நானும் டிரம்மர்தான் லா."

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் டிரம்முக்கு எதிரே நின்று தரையில் இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போவார். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் ஒரு கச்சேரி உண்டு. ஒரு நாள் ரெக்கார்டிங் நடுவில் அவருடைய 'தம்' விழுந்தது. தனேஷ் அந்த அளவை ஏற்றிவிட்டான்.

மறுநாள் அவர் மிதித்தார். சத்தம் இல்லை. மறுபடி மிதித்தார். டிரம்மைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா. சரி பண்ணிட்டேன்."

"ஓ," என்றார். மறுநாளிலிருந்து எதிர்ச் சுவரை ஒட்டி நடந்து நாற்காலிக்குப் போனார்.

போன் அடித்தது. பர்வேஸ். "டேய், ஒவ்வொன்னா மாத்திக்கிட்டு இருக்காதே. ஃபேக்டரி ரீசெட் பண்ணு. என் மேப்பு தானா உக்காந்துரும்."

"நான் செட் பண்ணதெல்லாம்?"

"எல்லாம் போயிரும் லா. கடையில வாங்குன அன்னிக்கு மாதிரி ஆயிரும்."

"வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான்டா!" என்றார் மாமா. "முடியலன்னா விடு. சும்மாவே எடுத்துருவோம்."

நிச்சயமாகவா என்று மாட்யூல் கேட்டது. தனேஷ் அழுத்தினான். திரை இருண்டு, மீண்டும் எரிந்தது. மிதியைத் தொட்டான்.

தம்.

நடுத் தட்டில் உறுமி உறுமியது. பெண்களின் அழுகை பெரிதானது. மாமா முதல் முறையாகத் தலையாட்டினார். "ம். தூக்குங்கப்பா."

தனேஷ் அடித்தான். குச்சி நழுவுமளவு வியர்த்தது. ஓரத் தட்டை மட்டும் தொடவில்லை. பாலன் முன்னால் போக, ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு டிரம்மைக் கடந்து படிக்கட்டின் பக்கம் வந்தார்கள். திருப்பம் குறுகல்.

மாமா கையை உயர்த்தினார். "நிறுத்து! பெட்டி திரும்பட்டும்."

தனேஷ் குச்சிகளை மடியில் வைத்தான். மேளம் நின்றது. ஆறு பேரும் ஒன்றாக ஓர் அடி எடுத்து வைத்தார்கள். பலகை முனகியது.

தம்.

மாமா திரும்பினார். "நிறுத்துன்னேன்ல?"

தனேஷ் இரண்டு கால்களையும் தூக்கி ஸ்டூலின் கம்பியில் வைத்துக்கொண்டான். இன்னோர் அடி.

தம்.

"டேய்!"

"அவன் அடிக்கலண்ணே," என்றாள் அம்மா இராஜம்மா. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அவள் பார்த்தது டிரம்மை.

மாமா உயர்த்திய கையை இறக்கினார். பெட்டி திரும்பியது. இறங்க இறங்கச் சத்தம் மெலிந்தது. பிறகு மாட்யூலின் சிவப்பு விளக்கு மட்டும் ஒருமுறை மின்னியது. பிறகு அதுவும் இல்லை.

"தனேஷ், வர்றியா இல்லியா?" கீழிருந்து பாலன் கத்தினான்.

தனேஷ் எழுந்தான். சுவிட்சை அணைக்கக் கை நீட்டி, அப்படியே விட்டான். எதிர்ச் சுவருக்குப் போய், அதை ஒட்டியே மெல்ல நடந்து படியிறங்கினான்.