கடற்கரை நிலையத்தில் இரண்டு நிமிடம்

“செங்கல்லா? சூட்கேஸுக்குள்ளயா?”

“ரெண்டே ரெண்டுதான் சித்தி. மேல துணியப் போட்டு மூடிடலாம்.”

“வெயிட்டுதான் வேணும்னா என்னையே உள்ள வச்சு மூடிடேன்டி. இதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல சம்பளம் தர்றாங்களா?”

“எனக்குத் தர்றாங்க. உங்களுக்கு டிக்கெட் இலவசம்.”

“இன்னும் டிக்கெட்டே அச்சடிக்கலன்னு உன் புருஷன் சொன்னாரு. அப்புறம் என்ன பெரிய இலவசம்?”

கூடம் முழுக்கப் பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. அண்ணன் வீட்டிலிருந்து நான்கு, மாடி வீட்டிலிருந்து மூன்று, சக்கரம் உடைந்த ஒன்று எதிர்வீட்டிலிருந்து. ஒரு குடும்பமே ஊரை விட்டு ஓடப் போகிறதோ என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து பழைய தலையணைகளைத் திணித்துக்கொண்டிருந்தவளுக்கு ரயில்வேயில் கால அட்டவணை போடும் வேலை. அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘டைம்டேபிள்’ என்று கூப்பிட, அந்தப் பெயர் மெல்ல வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

விமான நிலையத்திலிருந்து கடற்கரை ஊருக்குப் புதிதாக ரயில் பாதை போட்டிருந்தார்கள். வரிசையாக ஓட்டல்களும், ஓட்டல்களுக்குப் பின்னால் நீலமாகக் கடலும் இருக்கிற ஊர் அது. பாதை மட்டும் ஒற்றைத் தண்டவாளம். நடுவே இருக்கும் ஒரே ஒரு நிலையத்தில்தான் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று தாண்ட முடியும். ஆகவே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த ரயில் இரண்டு நிமிடத்தில் ஆட்களை மாற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அங்கே சுணங்கினால், நடுவழியில் எதிர்ரயில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அன்றைய நாளே குளறுபடியாகிவிடும்.

இரண்டு நிமிடம் கைகூடினால் அரை மணிக்கு ஒரு ரயில். கைகூடாவிட்டால் ஒரு மணிக்கு ஒன்று. மேலாளரின் மேசையில் இரண்டு அட்டவணைகளும் தயாராக இருந்தன. அரை மணி அட்டவணை அவளுடையது. இரண்டு வருடங்களாகக் கனவில்கூட அதன் கோடுகளை அவள் நேராக்கிக்கொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

“ஒரு மணிக்கு ஒண்ணு விட்டா யாரு சார் ஏறுவா?” என்று அவள் கேட்டிருந்தாள். “விமானத்துல வந்து இறங்கினவங்க ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருப்பாங்களா? வெளிய வந்தா டாக்ஸி நிக்குது. நாம காத்தத்தான் ஏத்திக்கிட்டுப் போகணும்.”

இதுவரை நடந்த சோதனை ஓட்டங்களில் எல்லாம் இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும் என்றுதான் வந்தது. ஆனால் அவற்றில் பயணிகளாகப் போனவர்கள் ரயில்வே ஊழியர்கள். ரயில்காரர்கள் ரயிலிலிருந்து இறங்கும் விதமே வேறு. வண்டி நிற்பதற்கு முன்பே கதவருகே வந்துவிடுவார்கள், கையில் சாப்பாட்டுப் பையைத் தவிர வேறொன்றும் இருக்காது, இறங்கினால் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்து அலுவலகமே தன் முதுகைத் தட்டிக்கொண்டது. அவளும்தான்.

போன வாரம் சித்தியை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் சித்தி நின்றுவிட்டாள். தள்ளுவண்டி குறுக்கே, கைப்பை தோளில், கண் நாலாபக்கமும். பின்னால் வந்த மொத்த விமானமும் அவள் முதுகில் மோதி நின்றது. அவர்களும் வழி கிடைத்ததும் நாலடி நடந்து நின்றார்கள். புதிதாக ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் முதலில் செய்யும் காரியம் நிற்பதுதான். ஏதோ ஓர் ஆறு கடலைக் கண்டதும் தயங்குவது போல.

மறுநாளே மேலாளரிடம் போய் நின்றாள். பெட்டியோடு வரும் வெளியாட்களை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். “ஆளுங்கள நீயே கூட்டிட்டு வந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார் அவர். அவள் உறவையும் தெருவையும் திரட்டிவிட்டாள். கடற்கரையில் ஏறுவதற்கு, ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகளாக, ஓட்டல் கல்லூரி மாணவர்கள் ஐம்பது பேர். இறங்குவதற்கு நடுவழி, ஏறுவதற்கு இருபுறம் என்று பிளாட்பாரத் தரையில் மஞ்சள் பாதச் சுவடுகள் ஒட்டச் செய்திருந்தாள். சுவடுகள் போதும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமில்லை.

அன்று மதியம் விமான நிலைய ரயில் மேடையில் வண்டி வந்து நின்றது. நடுப்பெட்டியின் சின்ன அறையில் கார்டு, அதாவது அவள் கணவன். அவன் ஜன்னல் வழியாக மேடையை நோக்கி விரலை நீட்டி, “இடது. பிளாட்பாரம் இருக்கு,” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவுப் பொத்தானை அழுத்தினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படித்தான். கண் பார்த்து, விரல் காட்டி, வாய் சொன்ன பிறகே கை அசையும்.

“மாப்பிள்ளை யார்கிட்ட பேசறாரு?” என்றாள் சித்தி.

“கதவுகிட்ட.”

“உன்கிட்டயாவது சும்மா பேசுவாரா?”

“பிளாட்பாரம் இருக்கான்னு பாத்துக்கிட்டுத்தான் என்கிட்டயும் வாயத் திறப்பாரு.”

வண்டி கிளம்பியது. கிடங்குகள், வாழைத் தோட்டம், ஓட்டல்களின் பின்பக்கத்தில் கொடி கொடியாகக் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஒரு வளைவு திரும்பியதும் யாரோ திரையை விலக்கியது போலக் கடல் வந்தது. மொத்த உறவும் ஒரு பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தது. அண்ணன் மட்டும் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, உண்மையான பயணியைப் போலத் தூங்கினான்.

கடற்கரை நிலையம். “இடது. பிளாட்பாரம் இருக்கு.” கதவுகள் திறந்தன. மேடையில் காத்திருந்த மேலாளர் கைக்கடிகாரத்தை அழுத்தினார்.

முதலில் இறங்கியவள் சித்திதான். மஞ்சள் சுவட்டில் இரண்டு அடி வைத்தாள். மேடையின் கோடியில் கடல் தெரிந்தது. நின்றாள். அவள் பெட்டி நின்றது. பின்னால் மாடி வீட்டுக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு உடைந்த சக்கரம் கதவு இடுக்கில் மாட்டியது. ஏற வந்த மாணவர்கள் இருபுறமும் நெருக்க, ஒருவர் பெட்டி இன்னொருவர் முழங்காலில் இடிக்க, அண்ணி மட்டும் “வழி விடுங்கப்பா, செங்கல் இருக்கு, செங்கல்,” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசி மாணவன் ஏறி முடித்தபோது ஐந்து நிமிடத்தை நெருங்கியிருந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் வெற்றிக் களை எதுவும் தெரியவில்லை. “பாதம் ஒட்டினா ஜனங்க போயிடுவாங்களாம்மா? எதிர்ல கடல் நிக்குதே,” என்றார். “ஒரு மணி அட்டவணையே இருக்கட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அவள் சித்தியிடம் போனாள். “ஏன் சித்தி நின்னீங்க?”

“நான் என்னடி பண்ணேன்? கடல் இருந்துச்சு, பாத்தேன். பாக்கத்தான வர்றாங்க?”

அதில் தப்பு எதுவும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தவளைக் கடலைப் பார்க்காமல் நடக்கச் சொல்ல எந்த அட்டவணையாலும் முடியாது. நிற்கிறவர்கள் நிற்கட்டும். ஏற வேண்டியவர்கள் எதற்காக அவர்களைத் தாண்டி வர வேண்டும்?

வண்டியின் திறந்த கதவு வழியாகவும் எதிர்ப்பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்த்தாள். அந்தப் பக்கம் இன்னொரு மேடை. கூட்டம் பெருகினால் அதற்கு அப்பால் இரண்டாவது தண்டவாளம் போடலாம் என்று கட்டி, இப்போதைக்குச் சும்மா விட்டிருந்த மேடை. வண்டியின் அந்த விளிம்பையும் அது ஒட்டியே இருந்தது. அங்கே ஒரு பெயிண்டர் தூணில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நடைமேம்பாலம் ஏறி ஓடினாள். அந்த மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாள். விளிம்பில் உட்கார்ந்து இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். “என்ன தொலைச்சீங்க?” என்றார் பெயிண்டர். “கிடைச்சிருச்சு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

“சார், இறங்கறவங்க இந்தப் பக்கம். ஏறறவங்க அந்தப் பக்கம். முதல்ல இந்தக் கதவு, இறங்க ஆரம்பிச்சதும் அந்தக் கதவு. ரெண்டு கூட்டமும் ஒண்ணையொண்ணு பாக்கவே வேண்டாம்.”

மேலாளர் இரண்டு மேடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவு கார்டோட பொறுப்பு. எதிர்ப்பக்கம் திறன்னு நான் கட்டளை போட முடியாது, போடவும் மாட்டேன். அவரா சம்மதிச்சா இன்னொரு தடவை பாக்கலாம். ஒரே தடவை. அப்புறம் நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பணும்.”

அவள் சம்மதத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஏறியிருந்த மாணவர்களை இறக்கி மேம்பாலம் வழியாக எதிர்மேடைக்கு அனுப்பினாள். உறவுகளை மறுபடி வண்டிக்குள் ஏற்றினாள். “இந்தச் செங்கல்லுக்கு என்னைவிட அதிகமா ஊர் சுத்திக் காட்டறா,” என்று முனகிக்கொண்டே சித்தி ஏறினாள்.

பிறகுதான் கார்டின் ஜன்னலடிக்கு வந்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

“ஏழு வருஷமா ஒரு பக்கம் திறந்தா மறுபக்கம் இல்லவே இல்லன்னு என் கைக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன் டைம்டேபிள்.”

“அந்தப் பக்கமும் மேடை இருக்கு. முழுசா நடந்து பாத்துட்டுத்தான் வர்றேன்.”

“இங்க இருக்கு. சரி. நாளைக்கு நடு ஸ்டேஷன்ல கை இதே பழக்கத்துல போச்சுன்னா? அங்க அந்தப் பக்கம் வெறும் ஜல்லி. யாராவது பெட்டியோட கால வச்சா?”

அவன் சொன்னது வீம்பு அல்ல. அவளுடைய கோடுகளில் எங்கேயும் ஜல்லி இருந்ததில்லை. தலைக்கு மேல் மாணவர்கள் மேம்பாலத்தைத் தடதடவென்று கடந்துகொண்டிருந்தார்கள். மேலாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“பூட்டு போடலாம்,” என்றாள். “அந்தப் பக்கப் பொத்தானுக்குப் பூட்டு. சாவி உங்ககிட்ட வேண்டாம். இந்த ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டயே இருக்கட்டும். வண்டி வந்து நின்னதும் அவர் குடுப்பாரு, கிளம்பறதுக்கு முன்ன நீங்க திருப்பிக் குடுக்கணும். நடு ஸ்டேஷன்ல உங்க கை போனாலும் ஒண்ணும் திறக்காது. பூட்டு வர்ற வரைக்கும் வண்டிய மக்களுக்கு விட வேண்டாம். அதையும் அட்டவணைக்குக் கீழயே எழுதிடறேன்.”

அவன் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தான். மாணவர்கள் அங்கே வரிசையாக நிற்க ஆரம்பித்திருந்தார்கள். பெயிண்டர் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலாளருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“பொண்டாட்டியா கேக்கல. வீட்டுல வேணும்னா சண்டை போட்டுக்கலாம். இப்ப கூட வேலை பாக்கறவளா கேக்கறேன், கார்டு சார். ஒரே ஒரு தடவை, அந்தப் பக்கத்தையும் திறந்து விடுங்க.”